ஊரார் கொடுத்த 14 ஏக்கர்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கிரீன்ஸ்பரோ நகரில் லாரல் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. வட கரோலினா ஏ அண்ட் டி (வேளாண், தொழில்நுட்ப) மாநிலப் பல்கலைக்கழகத்தின் வளாகத்துக்குள்ளேயே போகிற தெரு. 2016இல் மாநிலச் சட்டமன்றம் நாடாளுமன்றத் தொகுதிகளை மாற்றி வரைந்தபோது, இந்தத் தெருவையே எல்லைக்கோடாக வைத்தது. ஒரு பக்கம் 6ஆம் தொகுதி, மறுபக்கம் 13ஆம் தொகுதி. காலையில் விடுதியிலிருந்து வகுப்புக்கு நடக்கிற மாணவர் போகிற வழியில் தொகுதி மாறிவிடுவார். அமெரிக்காவிலேயே அதிக மாணவர்கள் படிக்கும் கறுப்பினப் பல்கலைக்கழகத்தின் வாக்குகள் இப்படி இரண்டாகப் பிரிந்தன. 2016, 2018 தேர்தல்களில் இரண்டு தொகுதிகளிலும், கறுப்பின வாக்காளர்கள் பெரும்பாலும் ஆதரிக்காத குடியரசுக் கட்சியே வென்றது. மாநில நீதிமன்றம் 2019இல் தலையிட்ட பிறகுதான் வரைபடம் மாறி, 2020 தேர்தலில் வளாகம் முழுவதும் ஒரே தொகுதிக்குள் வந்தது.

இந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தத் தெருதான். மற்றவர்கள் போட்ட கோட்டுக்குள் நின்றுகொண்டு, அந்த இடத்தைத் தங்கள் இடமாக ஆக்கிக்கொள்வது இங்கே படித்தவர்களுக்கு 130 ஆண்டுப் பழக்கம். பாடம், பாட்டு, போராட்டம் எதைத் தொட்டாலும் அது தெரியும்.

1964க்கு முன்பு, கறுப்பின மக்களின் கல்வியையே முதன்மை நோக்கமாக வைத்துத் தொடங்கப்பட்டவற்றை 'வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரி' என்று 1965ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டம் வரையறுக்கிறது. இப்போது ஏறக்குறைய 100 இருக்கின்றன. எல்லா இனத்தவரும் சேரலாம், சேர்கிறார்கள். இவற்றில் 19 கல்லூரிகளுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. அவை நிலக்கொடைப் பல்கலைக்கழகங்கள். அங்கே இருப்பவர்கள் சுருக்கமாக '1890 கல்லூரிகள்' என்பார்கள். ஏ அண்ட் டி அவற்றில் ஒன்று.

அந்த 1890 என்ன கணக்கு? 1862 ஜூலை 2 அன்று ஆபிரகாம் லிங்கன் மொரில் சட்டத்தில் கையெழுத்திட்டார். உழவர், தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு வேளாண்மையும் இயந்திரத் தொழில்களும் கற்றுத்தரக் கல்லூரி தொடங்குங்கள், அதற்கு நிலம் தருகிறோம், விற்று முதலாக்கிக்கொள்ளுங்கள் என்றது அந்தச் சட்டம். ஒரு மாநிலத்துக்கு நாடாளுமன்றத்தில் எத்தனை உறுப்பினர்களோ, ஆளுக்கு 30,000 ஏக்கர். மொத்தம் ஒரு கோடி ஏக்கருக்கும் மேல். அந்த நிலம் பூர்வகுடி மக்களிடமிருந்து ஒப்பந்தம் என்ற பெயரிலும் பலவந்தமாகவும் பறிக்கப்பட்டது. வட கரோலினாவுக்குக் கிடைத்த பங்கு 2,70,000 ஏக்கருக்கான உரிமைச் சீட்டு. அந்தப் பணம் பின்னாளில் ராலே நகரத்தின் வெள்ளையர் கல்லூரிக்குப் போனது. அதுதான் இன்றைய வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம். 1950கள் வரை அங்கே ஒரு கறுப்பின மாணவர் கூடச் சேர முடியவில்லை.

1890இல் இரண்டாம் மொரில் சட்டம் வந்தது. நிறம் பார்த்து மாணவரைச் சேர்க்கும் மாநிலத்துக்குப் புதிய நிதி கிடையாது என்று அது முதலில் கறாராகச் சொன்னது. அடுத்த வரியிலேயே ஒரு வாசலைத் திறந்துவிட்டது: கறுப்பினத்தவருக்குத் தனியாக ஒரு கல்லூரி வைத்துப் பணத்தை நியாயமாகப் பகிர்ந்தால் போதும். தென்மாநிலங்கள் அந்த வாசல் வழியாகவே போயின. ஏற்கெனவே இருந்த கல்லூரியில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதைவிட, புதிதாக ஒன்றைத் தொடங்குவதே அவர்களுக்குச் சுலபமாகத் தெரிந்தது. 1891 மார்ச் 9 அன்று வட கரோலினா சட்டமன்றம் 'நிறமுள்ள இனத்தாருக்கான வேளாண் இயந்திரக் கல்லூரி'யை உருவாக்கியது. அந்தப் பெயரே காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

இந்த இரண்டாம் சட்டத்தில் நிலமே கிடையாது, ஆண்டுதோறும் கொஞ்சம் பணம் மட்டும்தான். நிலக்கொடைக் கல்லூரி என்று பெயர், கொடுக்க நிலம் இல்லை. முதல் சில ஆண்டுகள் ராலேயில் ஷா பல்கலைக்கழகத்தோடு ஒட்டிக்கொண்டு வகுப்புகள் நடந்தன. சொந்த இடம் வேண்டும் என்று தேடியபோது கிரீன்ஸ்பரோ மக்கள் 14 ஏக்கர் நிலமும், கட்டடம் கட்ட 11,000 டாலரும் சேர்த்துக் கொடுத்தார்கள். சட்டமன்றம் அதோடு 2,500 டாலர் சேர்த்தது. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அடுத்த நூறாண்டின் கதை ஓரளவு பிடிபடும். 1893இல் கல்லூரி கிரீன்ஸ்பரோவுக்கு வந்தது. தொடக்கத்தில் பெண்களும் படித்தார்கள். 1901க்குப் பிறகு கதவு மூடப்பட்டு, 1928இல்தான் மறுபடி திறந்தது.

சரி, உள்ளே என்ன கற்றுக்கொடுத்தார்கள்? தச்சு, கொல்லு, செங்கல் வேலை, பால் பண்ணை, தோட்டம். அந்தக் காலத்தில் கறுப்பினத் தலைவர்களுக்குள்ளேயே இதில் பெரிய கருத்துவேறுபாடு இருந்தது. முதலில் கைத்தொழில், பிறகு உரிமை என்றார் அலபாமாவில் டஸ்கீகி கல்லூரியை நடத்திய புக்கர் டி. வாஷிங்டன். அவருடைய மாணவர்கள் செங்கலைத் தாங்களே சுட்டுக் கல்லூரிக் கட்டடங்களை எழுப்பினார்கள். இலக்கியமும் தத்துவமும் மறுக்கப்பட்ட இனம் எப்படித் தலைநிமிரும் என்று கேட்டார் டபிள்யூ. ஈ. பி. டுபோய்ஸ். இன்று அதைப் படிக்கும்போது என் மனம் டுபோய்ஸ் பக்கம்தான் சாய்கிறது. ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கைத்தொழில் பள்ளி என்று ஏளனமாகப் பார்க்கப்பட்ட அதே பட்டறைகளிலிருந்துதான் பின்னாளில் பொறியியல் துறைகள் வளர்ந்தன. அமெரிக்காவில் கறுப்பினப் பொறியாளர்களை அதிக எண்ணிக்கையில் உருவாக்கும் பல்கலைக்கழகம் என்ற பெயர் இன்று ஏ அண்ட் டி-க்கு இருக்கிறது.

நிலக்கொடைக் கல்லூரிக்கு மூன்று கடமைகள்: கற்பித்தல், ஆராய்ச்சி, கற்றதை உழவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோவது. நமக்கு இது புதிதல்ல. சுதந்திர இந்தியாவின் மாநில வேளாண் பல்கலைக்கழகங்கள் இந்த அமெரிக்க மாதிரியைப் பார்த்துத்தான் அமைக்கப்பட்டன. 1971இல் பல்கலைக்கழகமான கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் படித்தவர்கள் 'விரிவாக்கம்' என்ற பாடத்தை மறந்திருக்க மாட்டார்கள். அதன் ஒரு வேர் டஸ்கீகியில் இருக்கிறது. 1906இல் அங்கிருந்து ஜெசப் வண்டி என்ற குதிரை வண்டி கிளம்பியது. கலப்பை, விதை, பால் கடையும் கருவி என்று ஏற்றிக்கொண்டு கறுப்பின விவசாயிகளின் வயலுக்கே போய்ச் செய்து காட்டுவார்கள். அங்கே ஆசிரியராக இருந்த வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் அதை வடிவமைப்பதில் பங்கெடுத்தார். ஆனால் 1914இல் விரிவாக்கப் பணிக்கு மத்திய நிதி வந்தபோது, எந்தக் கல்லூரிக்குக் கொடுப்பது என்ற முடிவு மாநிலங்களிடம் விடப்பட்டது. தென்மாநிலங்கள் வெள்ளையர் கல்லூரிகளிடம் கொடுத்தன. ஆராய்ச்சிக்கும் விரிவாக்கத்துக்கும் 1890 கல்லூரிகளுக்கு நிலையான நிதி வழி பிறந்தது 1977 வேளாண் சட்டத்தில்தான்.

நிலைமை இப்படி இருந்தும் வேலை நின்றுவிடவில்லை. வட கரோலினாவின் சிறு விவசாயிகள் புகையிலையை நம்பி வாழ்ந்தவர்கள். புகையிலை சரிந்தபோது, மரக்கட்டைகளில் ஷிடாகே காளான் வளர்க்க அவர்களுக்குக் கற்றுத்தந்தது ஏ அண்ட் டி. நிலக்கடலையில் ஒவ்வாமை உண்டாக்கும் புரதங்களைக் குறைக்கும் முறையையும் இங்குள்ள ஆய்வகம் கண்டுபிடித்தது. நகரின் ஓரத்தில் ஏறக்குறைய 490 ஏக்கரில் பல்கலைக்கழகப் பண்ணை இருக்கிறது. மாடு, ஆடு, பன்றி, கோழி எல்லாம் உண்டு. கால்நடை மருத்துவம் படிக்கும் கனவோடு வருகிற பிள்ளைகள், அதுவும் பெருநகர அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள், ஒரு பசுவை முதன்முதலாகப் பக்கத்தில் பார்ப்பது அங்கேதான். இங்கே படிப்பவர்கள் தங்களை 'ஆகி' என்று அழைத்துக்கொள்கிறார்கள். வேளாண்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. கணினி படிப்பவரும் ஆகிதான், செவிலியர் படிப்பவரும் ஆகிதான்.

இனி 1960க்கு வருவோம். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவர் விடுதி வாழ்க்கை ஒரு நாட்டின் சட்டத்தைத் தொட்ட கதை இது.

ஸ்காட் ஹால் என்ற ஆண்கள் விடுதி. எசெல் பிளேர், ஜோசப் மெக்நீல், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், டேவிட் ரிச்மண்ட் என்று நான்கு முதலாண்டு மாணவர்கள். வேதியியல், பொறியியல் இயற்பியல் என்று படிக்க வந்தவர்கள், பதினெட்டு வயதை ஒட்டியவர்கள். பிளேரும் மெக்நீலும் ஒரே அறை. படிப்பு முடிந்த பிறகு இரவுகளில் நால்வரும் உட்கார்ந்து பேசுவார்கள்: நம் பெற்றோர் ஏன் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள், நாம் என்ன செய்யப்போகிறோம்? கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நியூயார்க் போய்விட்டுத் திரும்பிய மெக்நீலுக்கு கிரீன்ஸ்பரோ பேருந்து நிலையத்தில் சாப்பாடு தர மறுத்துவிட்டார்கள். காந்தியைப் பற்றித் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு நிகழ்ச்சி மனதில் தங்கியதைப் பிளேர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பேச்சு போதும் என்று முடிவானது.

பிப்ரவரி 1, திங்கட்கிழமை. மாலை வகுப்பு முடிந்த நேரம். நால்வரும் எல்ம் தெருவில் உள்ள வூல்வொர்த் கடைக்குப் போனார்கள். பற்பசை மாதிரி சில்லறைச் சாமான்கள் வாங்கினார்கள், ரசீதும் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் வெள்ளையர் மட்டும் உட்காரும் உணவு மேடையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கிடைக்கவில்லை. கடை மூடும்வரை எழுந்திருக்கவில்லை. இதே கடையில் எங்கள் காசு செல்லுமாம், எங்கள் வாய்க்குக் காபி மட்டும் கூடாதா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி.

மறுநாள் இருபதுக்கும் மேற்பட்டோர் வந்தார்கள், நான்காம் நாள் 300க்கும் மேல். பக்கத்திலிருக்கும் பென்னட் என்ற கறுப்பினப் பெண்கள் கல்லூரி மாணவிகளும் வந்தார்கள். அவர்கள் முன்பே இதைப் பற்றித் திட்டமிட்டுக்கொண்டிருந்தவர்கள், அவர்கள் பங்கு இன்றும் குறைவாகவே பேசப்படுகிறது. எனக்கு இதில் மறக்க முடியாத காட்சி ஒன்று உண்டு. வந்தவர்கள் பாடப் புத்தகங்களைக் கொண்டுவந்து, அந்த மேடையிலேயே விரித்து வைத்துப் படித்தார்கள். சுற்றி நின்று ஏசுகிறவர்களுக்கு நடுவில் வீட்டுப்பாடம் முடித்தார்கள். ஒரு குழு வகுப்புக்குக் கிளம்பும்போது அடுத்த குழு வந்து அந்த நாற்காலியில் உட்காரும். படிப்பைப் போராட்டத்துக்காகக் கைவிடவில்லை, போராட்டத்தைப் படிப்புக்காகவும் கைவிடவில்லை.

மார்ச் முடிவதற்குள் இந்த உள்ளிருப்புப் போராட்டம் 13 மாநிலங்களில் 55 ஊர்களுக்குப் பரவியது. ஏப்ரலில் எல்லா ஊர் மாணவர்களும் ராலேயில் கூடி ஒரு மாணவர் ஒருங்கிணைப்புக் குழுவைத் தொடங்கினார்கள். கூடிய இடம் ஷா பல்கலைக்கழகம், ஏ அண்ட் டி-க்குச் சொந்த இடம் இல்லாதபோது இடம் கொடுத்த அதே வளாகம். கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்கள் ஊருக்குப் போய்விட, உள்ளூர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் போராட்டத்தைத் தாங்கினார்கள். ஜூலை 25 அன்று வூல்வொர்த் வழிக்கு வந்தது. அந்த மேடையில் முதலில் உட்கார்ந்து சாப்பிட்ட கறுப்பினத்தவர்கள், அதே கடையில் வேலை பார்த்த ஊழியர்கள்.

1969இல் அதே ஸ்காட் ஹால் வேறொன்றையும் பார்த்தது. உள்ளூர் டட்லி உயர்நிலைப் பள்ளியில் மாணவர் தேர்தலில் வென்ற பையனை நிர்வாகம் ஏற்க மறுத்தது. அங்கே தொடங்கிய கொந்தளிப்பு பல்கலைக்கழகத்துக்கு வந்தது. மாநிலத்தின் தேசியக் காவல் படை வளாகத்துக்குள் நுழைந்தது, மே 23 காலையில் விடுதி அறை அறையாக உடைத்துச் சோதனை போட்டார்கள், நூற்றுக்கணக்கான மாணவர்களைப் பிடித்துச் சென்றார்கள். அதற்கு முந்தின நாள் வில்லி கிரைம்ஸ் என்ற இரண்டாம் ஆண்டு மாணவர் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்தார். வயது 20. சுட்டது யார் என்று யார் மீதும் வழக்கு வரவில்லை. 1960ஐ நாடே கொண்டாடுகிறது. 1969ஐயும் அதே மூச்சில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த வருடம் வளாகத்தில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ரொனால்ட் மெக்நேர். தென் கரோலினாவின் லேக் சிட்டியில் பிறந்தவர். 1971இல் இங்கே பட்டம், 1976இல் எம்.ஐ.டி.யில் லேசர் இயற்பியலில் முனைவர் பட்டம், 1984இல் விண்வெளிப் பயணம். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலத்தோடு போய்விட்டார். பொறியியல் கல்லூரிக் கட்டடம் ஒன்றுக்கு அவர் பெயர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி போகிற, வசதி குறைந்த மாணவர்களை முனைவர் படிப்புக்குத் தயார்செய்யும் மத்திய அரசுத் திட்டம் ஒன்றுக்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். மெக்நேர் சாக்ஸபோனும் வாசிப்பார். அதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வளாகத்தில் இசையும் அறிவியலும் எதிரெதிர் திசையில் போவதில்லை.

நீலமும் பொன்னிறமும் பல்கலைக்கழக வண்ணங்கள், அணிவகுப்பு இசைக்குழுவின் பெயரும் அதுவே: 'நீலப் பொன் அணிவகுப்பு இயந்திரம்'. பித்தளைக் கருவிகள், உயரத் தூக்கி வைக்கும் கால்கள், நடனம் என்று கறுப்பினக் கல்லூரி இசைக்குழுக்களுக்கே உரிய பாணி. இதில் வாசிக்கிற பலர் இசை மாணவர்கள் இல்லை. பகலில் வெப்ப இயக்கவியல் வகுப்பில் இருந்தவர் மாலையில் மைதானத்தில் டிரம்மோடு நிற்பார். அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் இடைவேளைக்கு ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள், இசைக்குழுவைப் பார்க்கத்தானே பாதிப் பேர் வந்ததே.

இலையுதிர் காலத்தில் பழைய மாணவர் திரும்பும் வாரம் வரும். 'பூமியிலேயே மிகச் சிறந்த வீடு திரும்பல்' என்று அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பல்லாயிரக்கணக்கானோர் வந்து குவிவார்கள். நம் ஊரில் குலதெய்வக் கோயில் திருவிழாவுக்கு எந்த ஊரில் வேலை பார்த்தாலும் வந்து சேர்வோமே, அந்த மாதிரிதான் எனக்குப் படுகிறது. தாத்தா, மகள், பேரன் மூவரும் 'ஆகி' ஆன குடும்பங்கள் கூடாரம் போட்டுச் சமைப்பார்கள். மாணவர் சங்கங்கள் கால்தாளம் போட்டு ஆடுவார்கள். மாணவர் பேரவைத் தேர்தல் இங்கே விளையாட்டுக் காரியமில்லை. 1960களின் தொடக்கத்தில் மாணவர் பேரவைத் தலைவராக இருந்த கால்பந்து வீரர் ஜெஸ்ஸி ஜாக்சன், 1984, 1988இல் அமெரிக்க அதிபர் வேட்பாளராவதற்கே போட்டியிட்டார்.

கொண்டாட்டத்தைச் சொல்லிவிட்டுக் கணக்கைச் சொல்லாமல் போனால் அது அரைக்கதை. நிலக்கொடைக் கல்லூரிக்கு மத்திய அரசு ஒரு டாலர் கொடுத்தால் மாநிலமும் ஒரு டாலர் போட வேண்டும் என்பது விதி. வெள்ளையர் கல்லூரியாகத் தொடங்கியவற்றுக்கு மாநிலங்கள் போட்டன, பல இடங்களில் அதற்கு மேலும் போட்டன. 1890 கல்லூரிகளுக்கு விலக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு குறைத்துக் கொடுத்தன. 2023 செப்டம்பரில் மத்தியக் கல்வி, வேளாண் துறைச் செயலாளர்கள் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். முப்பது ஆண்டுகளில் இந்தக் கல்லூரிகளுக்கு வராமல்போன தொகை 1,200 கோடி டாலருக்கு மேல். ஏ அண்ட் டி-க்கு மட்டும் சுமார் 200 கோடி டாலர். கணக்கிட்ட முறையை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். தொகையில் கூடக்குறைய இருக்கலாம், குறைத்துக் கொடுத்தது உண்மை.

இந்தப் பெரிய எண்கள் மாணவர் வாழ்க்கையில் சின்னச் சின்ன இடங்களில் வலிக்கும். பழைய ஆய்வகம், இடம் போதாத விடுதி, ஆகஸ்டில் கட்டணப் பாக்கியால் பதிவு செய்ய முடியாமல் நிற்கும் பிள்ளை. 2011இல் பெற்றோர் வாங்கும் மத்தியக் கல்விக் கடனுக்கான விதியை அரசு இறுக்கியபோது, கறுப்பினக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கானோர் படிப்பைத் தொடர முடியாமல் போனார்கள். 1890 கல்லூரிகளில் வேளாண்மை சார்ந்து படிப்பவர்களுக்கு முழுக் கட்டணமும் கொடுத்து வேளாண் துறையில் வேலைக்கும் வழிகாட்டும் உதவித்தொகை 1992 முதல் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் அதைத் திடீரென்று நிறுத்திவைத்தார்கள், எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களில் திறந்தார்கள். அந்தச் சில நாட்கள் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு எப்படிக் கழிந்திருக்கும்!

இவ்வளவுக்கும் நடுவில் பல்கலைக்கழகம் வளர்ந்திருக்கிறது. 2020இல் பெரும் கொடையாளரான மெக்கென்சி ஸ்காட் 4.5 கோடி டாலர் நன்கொடை கொடுத்தார். வெளிமாநில மாணவர்கள் 18 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று இருந்த வரம்பு 2021இல் 25 ஆனது, பிறகு 35 ஆனது. அட்லாண்டாவிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் வர ஆசைப்பட்டவர்களுக்குக் கதவு அகலமானது. 2024 இலையுதிர் காலத்தில் மாணவர் எண்ணிக்கை 14,000ஐத் தாண்டியது. எந்தக் கறுப்பினக் கல்லூரியும் அதற்கு முன்பு தொடாத எண்ணிக்கை.

ஸ்காட் ஹாலை 2004இல் இடித்துவிட்டார்கள். அங்கே எழுந்த நான்கு விடுதிகளுக்கும் அந்த நான்கு பேரின் பெயர். ஆகஸ்ட் மாதம் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கும் முதலாண்டுப் பிள்ளைகளில் சிலருக்கு வீட்டுக்கு எழுதிச் சொல்லும் முகவரியே பிளேர், மெக்நீல், மெக்கெய்ன், ரிச்மண்ட்தான்.